மூன்று சுவர்க்காரி

"என் வீட்டுக்கு நாலாவது சுவர் கட்டினவன் ராஜாடா! முப்பத்திரண்டு வருஷமா அதைக் காவந்து பண்ணினவ நான். நீ இன்னிக்கி டேப்பைப் புடிச்சிக்கிட்டு வந்து, மேட்டை எப்படிப் பாத்துக்கணும்னு எனக்கே பாடம் எடுக்கறியா?"

சொல்லி முடித்த பிறகுதான் தெரு சத்தமில்லாமல் கிடப்பது அவளுக்குத் தெரிந்தது. பக்கத்து வீட்டு வாசலில் நின்ற நாத்தனார் நாக்கைக் கடித்துக்கொண்டு கண்ணால் ஜாடை காட்டினாள். அது வந்து சேர்வதற்குள் வார்த்தை போய்ச் சேர்ந்துவிட்டது.

தொல்பொருள் ஆபீசிலிருந்து வந்த அளவுக்காரர் சின்ன வயசு, கண்ணாடி போட்டவர், காலையிலிருந்து வெயிலில் நின்றவர். ராஜா காலத்து மண்மேட்டை ஒட்டி வரிசையாக ஒன்பது வீடுகள். எட்டு வீட்டிலும் அவர் ஒரே கேள்வியைக் கேட்டார்: உங்கள் பின்சுவருக்கும் மேட்டுக்கும் நடுவில் எவ்வளவு இடம்? எட்டு வீட்டிலும் ஒரே பதில்: ஒரு அடி. கடைசியாக அவள் வீட்டுக்கு வந்தபோது கேட்கக்கூட இல்லை, தானே "ஒரு அடி" என்று எழுதி நோட்டை மூடிவிட்டார். போகிற போக்கில், "இந்த மேட்டை ஊர்ல யாருமே கவனிக்கறதில்லம்மா. அங்கங்க அறுத்துத் தின்னிருக்கீங்க" என்றார். அவ்வளவுதான் சொன்னது. அதற்குத்தான் அவள் வாய் அத்தனை பெரிதாகத் திறந்தது.

அவர் மூடிய நோட்டை மறுபடி திறந்தார்.

"நாலாவது சுவர்னா எதும்மா? உள்ள வந்து பாக்கலாமா?"

முடியாது என்று சொல்லியிருக்கலாம். ஆனால் ஊர் பார்க்கச் சண்டை போட்டுவிட்டு, அடுத்த நொடி கதவைச் சாத்துகிற ஜாதி இல்லை அவள்.

"பாரு. ராஜா கட்டின சுவருக்கு டிக்கெட்டா கேக்கப் போறேன்?"

அவளுக்கு ஊரில் மூன்று சுவர்க்காரி என்றுதான் பெயர். கூப்பிடுகிறவர்கள் எல்லாரும் மூன்று சுவர்க்காரர்கள்தான் என்பது வேறு விஷயம். ஒன்பது வீட்டுக்காரர்களும் முன்னால் ஒன்று, பக்கத்தில் இரண்டு என்று கட்டி, பின்பக்கத்தை மேட்டின் மேல் சாய்த்து, ஒரு சுவர்ச் செலவை மிச்சம் பிடித்தவர்களே. ஆனால் கல்யாணமாகி வந்த அன்றைக்கு வீட்டுக்குள் நுழைந்து, பின்னால் கையை வைத்துப் பார்த்து, "என்னய்யா, ஒரு பக்கம் கட்டறதுக்குள்ள காசு தீந்துபோச்சா?" என்று மாமியார் காது கேட்கக் கேட்டது அவள் ஒருத்திதான். பெயர் அன்றைக்கே ஒட்டிக்கொண்டது. அப்போது அவளுக்கு வயது பத்தொன்பது.

மேடு என்றால் கல்லும் காரையும் இல்லை. வெறும் மண். உடைந்த வளையலைக் கழற்றிப் போட்டது போல வயல்களுக்கு நடுவே வளைந்து கிடக்கும். மூன்று ஆள் உயரம் இருந்ததாம்; அவள் பார்த்தது இரண்டு ஆள் உயரம்தான். வெளிப்புறம் அதைச் சுற்றி அகழி. இந்த மேட்டுக்கு மண் கொடுத்த பள்ளம் அது. இப்போது அதைப் பங்கு போட்டுப் பாத்தி கட்டிக் கீரையும் வெங்காயமும் போடுகிறார்கள். வளையலுக்குள்ளே இருபது வயலும் ஒரு குட்டையும். நேராக வந்துகொண்டிருக்கும் பஸ் ரோடு மேட்டைக் கண்டதும் ஒதுங்கி வளைந்து போகும். கண்டக்டர்கள் "வளைவு, வளைவு" என்றுதான் கத்துவார்கள். வண்டி போக ஓர் இடத்தில் மட்டும் திறப்பு. வாசல் இருந்த இடமாம். எந்த ராஜா, எந்தச் சண்டை, யாருக்கும் தெரியாது. எதிரி வராமலிருக்கக் கட்டினது என்பார்கள் சிலர். வெள்ளம் வராமலிருக்க என்பார்கள் சிலர். அவள் புருஷனைக் கேட்டால், "பஞ்சத்துல சும்மா சோறு போட முடியாம, மண்ணு சுமக்க விட்டிருப்பான்" என்பான்.

அவனுக்கு அது தெரியும். அவனும் மண் சுமந்தவன்தான். ரோட்டோரக் கால்வாய், குட்டை தூர் வாருவது, வீட்டுக்கு அஸ்திவாரம் தோண்டுவது என்று ஊரெல்லாம் போய் வெட்டுவான், சுமப்பான். வீட்டில் ஒரு சொம்பு தண்ணீர் எடுத்துக் குடிக்க அவனுக்குக் கை வராது. நாலாவது சுவர் கட்டாமல் போனதற்கு உண்மையான காரணம் காசு இல்லை, சோம்பல்தான் என்று அவள் எல்லாரிடமும் சொல்லுவாள். அவன் மறுத்ததே இல்லை.

மேட்டைக் குடைகிறதில் மட்டும் அவனுக்குச் சோம்பல் கிடையாது. முதல் வருஷம் விளக்கு வைக்க ஒரு மாடம். அடுத்த வருஷம் பானை வைக்க ஒரு பிறை. பிறகு துணி மூட்டைக்கு. பெண் பிறந்தபோது தூளிக்கு இடம் வேண்டுமென்று இன்னும் ஒரு முழம். மண்ணைக் கூடையில் அள்ளி அவள்தான் வெளியே கொண்டுபோய்க் கொட்டுவாள். இப்படி முப்பது வருஷத்தில் ஒரு கட்டில் போட்டு, பக்கத்தில் ஆள் உட்காரும் அளவுக்கு உள்ளே போயிருந்தது. ஜன்னல் இல்லாத அந்தக் குடைவுக்குள் மத்தியான வெயிலில் நுழைந்தால், பானைத் தண்ணீருக்குள் கையை விட்டது போல இருக்கும்.

அவள் பிழைப்பும் மேட்டில்தான். அகழியில் மழைத் தண்ணீர் இரண்டு மாசம் நிற்கும். அதனால் ஊரெல்லாம் காய்ந்த பிறகும் மேட்டுச் சரிவில் புல் பச்சையாக இருக்கும். விடிந்ததும் அரிவாளோடு ஏறுவாள். பத்துக் கட்டு அறுத்துப் பால்காரர் வீட்டில் போடுவாள். சரிவில் மரக்கன்று முளைத்திருந்தால் பிடுங்குவாள், எலி வளையைக் கண்டால் மண்ணை அடைத்து மிதிப்பாள். மரம் வேர் விட்டால் மேடு பிளக்கும், பிளந்தால் வீட்டுக்குள் வரும். காவந்து என்று அவள் சொன்னது இதைத்தான். அதே மேட்டைப் பின்பக்கம் தான் தோண்டித் தின்றதை அவள் கணக்கில் சேர்க்கவில்லை. யார்தான் சேர்ப்பார்கள்?

போன மழைக்காலத்தில் அவள் புருஷனுக்கு நெஞ்சில் சளி கட்டியது. ஆஸ்பத்திரியில் மருந்து கொடுத்து, வீட்டுக்குக் கூட்டிப் போங்கள் என்றார்கள். அப்படிச் சொன்னால் என்ன அர்த்தம் என்று அவளுக்குத் தெரியும், அவனுக்கும் தெரியும். இரண்டு பேரும் அதைப் பற்றிப் பேசவில்லை. குடைவுக்குள் கட்டிலைப் போட்டான். முதுகை மண்ணில் சாய்த்துக்கொண்டால் மூச்சு கொஞ்சம் லேசாக வருகிறது என்றான்.

சும்மா உட்கார்ந்திருக்க முடியாமல், ஓர் ஆணியை வைத்துக்கொண்டு அந்த மண் சுவரைப் பார்க்க ஆரம்பித்தான். அதில் செம்மண் ஒரு திட்டு, கருமண் ஒரு திட்டு, வெளுத்த சுண்ணாம்பு மண் ஒரு திட்டு என்று ஒன்றன் மேல் ஒன்று கிடந்தது. முப்பது வருஷம் பார்த்தும் அவள் கண்ணுக்கு அது அழுக்காகத்தான் தெரிந்தது. அவன் ஒவ்வொரு திட்டின் ஓரத்தையும் ஆணியால் கீறினான்.

"இது ஒரு கூடை. இது ஒரு கூடை. தலையில இருந்து கொட்டினது அப்படியே கெடக்கு பாரு."

"ரொம்ப முக்கியம். கஞ்சியக் குடி."

"பள்ளத்து மேல்மண்ணு அடியில இருக்கு. அடிமண்ணு மேல இருக்கு. தோண்டத் தோண்டக் கொண்டாந்து கொட்டினா அப்படித்தான் தலைகீழா விழும். இந்தக் கூடை சின்னது. பொம்பள கூடை."

"ஏன்யா, உன்ன மாதிரி ஒரு சோம்பேறி ஆம்பள சுமந்திருக்கக் கூடாதா?"

அவன் சிரித்தான். சிரித்தால் இருமல் வரும். இருமல் வந்தால் அரை மணி நேரம் போகும். அதனால் அதற்குப் பிறகு அவள் வேடிக்கையாகப் பேசுவதைக் குறைத்துக்கொண்டாள்.

அந்தச் சமயத்தில்தான் மேட்டை அளக்க ஆள் வருகிறார்கள் என்று செய்தி வந்தது. எட்டு வீட்டுக்காரர்களும் ஒரே வாரத்தில் மண்ணுக்கு முன்னால் ஒற்றைச் செங்கல்லில் பொய்ச்சுவர் எழுப்பி, சுண்ணாம்பும் அடித்துவிட்டார்கள். மேட்டை மறைக்கிற திரைச்சீலை மாதிரி, ஒரு உதை தாங்காத சுவர். நாத்தனார் வந்து, "அண்ணி, மிச்ச செங்கல் இருக்கு. உங்களுக்கும் ஒண்ணு எழுப்பிடலாம்" என்றாள். கட்டிலில் இருந்தவன் வேண்டாம் என்று கையை ஆட்டினான். செங்கல்லில் சாய்ந்தால் முதுகு சுடும் என்றான். சரி, போ என்று விட்டுவிட்டாள்.

வெயில் காலத் தொடக்கத்தில் ஒருநாள் காலை அவள் புல்லைப் போட்டுவிட்டு வந்து பார்த்தபோது, அவன் சுவர்ப் பக்கம் முகத்தை வைத்துக் கிடந்தான். கையில் ஆணி. கூப்பிட்டுப் பார்த்தாள். தொட்டுப் பார்த்தாள். வெளியே வந்து, கால் மண்ணைக் கழுவிவிட்டு, நாத்தனார் வீட்டு வாசலில் நின்று, "உங்கண்ணன் போயிட்டான்" என்றாள்.

நாத்தனார் இரண்டு பேருக்கும் சேர்த்து அழுதாள். பஸ் ஏறி வந்த மகள் அழுதாள். அவளுக்கு வரவில்லை. ஊர் அதைப் பேசியது. அவளுக்கும் ஆச்சரியம்தான், தனியாக உட்கார்ந்து வருகிறதா என்று பார்த்தாள். பல் பிடுங்க ஊசி போட்ட பிறகு கன்னம் இருக்குமே, அப்படி இருந்தது உடம்பு முழுவதும். கிள்ளினால் கிள்ளுவது தெரிந்தது. வலி தெரியவில்லை. மூன்றாம் நாள் புல்லுக்குப் போனாள். பால்காரர், "நாலு நாள் கழிச்சு வரலாமே" என்றார். "உன் மாடு நாலு நாள் பட்டினி கெடக்குமா?" என்று கேட்டு, புல்லுக்கட்டை இறக்கிப் போட்டுவிட்டு வந்தாள்.

மகள் தன்னோடு டவுனுக்கு வரச் சொன்னாள். மாட்டேன் என்றாள். காரணம் கேட்டதற்கு மேட்டு மேல் பழியைப் போட்டாள், புல் மேல் பழியைப் போட்டாள். காரணம் வேறு. மத்தியானம் அந்தக் கட்டிலில், அவன் சாய்ந்த இடத்தில் முதுகைச் சாய்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்காருவாள். அப்போது மட்டும் குளிர்ச்சி என்று ஒன்று தெரிந்தது. வேறு எதுவும் தெரியாத உடம்புக்கு அது ஒன்று தெரிந்தது. அந்த இடம் போகக்கூடாது. அவளுக்கு இருந்த ஆசை அது ஒன்றுதான்.

அந்த இடத்துக்குத்தான் இப்போது அளவுக்காரரைத் தானே கூட்டிக்கொண்டு போய் நிறுத்தினாள்.

அவர் டார்ச்சை அடித்தார். முதலில் முகம் கடுத்தது. "மேட்டையே குடைஞ்சு வச்சிருக்கீங்க" என்றார். பிறகு வெளிச்சம் சுவரில் பட்டது. மண்டி போட்டு உட்கார்ந்துவிட்டார். டார்ச்சைக் கோடு கோடாக நகர்த்தினார்.

"இந்தக் கோடெல்லாம் யாரும்மா போட்டது?"

"என் வீட்டுக்காரரு."

"என்ன படிச்சிருந்தாரு?"

"மண்ணு சுமந்தாரு."

அடுத்த மூன்று வாரமும் வீட்டில் ஆள் மயம். பிரஷ்ஷால் சுவரைத் துடைத்தார்கள், நூல் கட்டினார்கள், படம் எடுத்தார்கள், ஒவ்வொரு திட்டுக்கும் நம்பர் ஒட்டினார்கள். கூடை கூடையாக இவ்வளவு தெளிவாகத் தெரியும் வெட்டுமுகம் வேறு எங்கும் பார்த்ததில்லை என்று அளவுக்காரர் ஃபோனில் யாரிடமோ சொன்னார். அவளுக்கு அந்தப் பேச்சு பிடித்தது. இவ்வளவு கொண்டாடுகிறார்களே, இந்த இடத்தை அப்படியே விட்டுவைப்பார்கள் என்று நினைத்தாள். கட்டிலை மட்டும் முன்னறைக்கு நகர்த்திக் கொடுத்தாள். டீ போட்டுக் கொடுத்தாள். தொண்டை வரை வந்த ஏச்சை விழுங்கிக்கூடப் பார்த்தாள். "அண்ணி வாய்க்குப் பூட்டு போட்டது ஆபீஸ்காரங்கதான்" என்று நாத்தனார் தெருவில் சொல்லிக்கொண்டிருந்தாள்.

நாலாவது வாரம் அளவுக்காரர் மட்டும் தனியாக வந்தார். கையில் காகிதம். வாசல்படியில் உட்கார்ந்து படிக்க ஆரம்பித்தார். மேற்படி, மேற்படி என்று போய்க்கொண்டே இருந்தது.

"தம்பி, கதை மாதிரி படிக்காதே. இருக்கா, போச்சா? அத மட்டும் சொல்லு."

அவர் காகிதத்தை மடித்தார். "போச்சும்மா."

"வீடா?"

"வீடு இல்ல. குடைவை மூடணும். மழைக்கு முன்னால மூடணும்மா. மேலேருந்து தண்ணி எறங்கினா அந்த எடத்துலதான் மொதல்ல சரியும். உங்க தலை மேலயே விழும். படம் எல்லாம் எடுத்து வச்சிட்டோம். மேட்டுலேருந்து நாலு அடி தள்ளி, உங்களுக்குப் பின்சுவர் கட்டிக்கலாம். செங்கல் ஆபீஸ்ல தருவாங்க."

அவள் புல்லு ஒட்டியிருந்த சேலை முந்தியை உதறினாள்.

"மத்த எட்டு வீட்டுலயும் சுவர் தனியா இருக்குன்னு எழுதியிருக்கேன்" என்றார் அவர், அவள் முகத்தைப் பார்க்காமல். "உண்மைதானாம்மா?"

நாத்தனார் சொம்புத் தண்ணீரோடு பக்கத்து வாசலில் நின்றுகொண்டிருந்தாள். சொம்பு அசையவில்லை. தெருவில் இன்னும் ஏழு கதவு பாதி திறந்திருந்தது.

"என் வீட்டக் கேளு, சொல்றேன். அவங்கவங்க வீட்ட அவங்கவங்களக் கேளு."

அவர் போன பிறகு நாத்தனார் ஓடி வந்து கையைப் பிடித்துக்கொண்டாள். "அண்ணி, நீங்க தெய்வம் அண்ணி."

"போடி, தெய்வமாம். சொல்றதுக்கு அலுப்பா இருந்துச்சு, சொல்லல."

அது உண்மை. எட்டு வீடும் நின்றாலும் ஒன்றுதான், இடிந்தாலும் ஒன்றுதான் என்று இருந்தது அவளுக்கு. எரிச்சலாவது வரும் என்று எதிர்பார்த்தாள். அன்றைக்கு வாயைப் பொத்திக்கொண்டு நின்றிருந்தால் அவர் எழுதின ஒரு அடி அப்படியே நின்றிருக்கும். தன்னையே திட்டிக்கொள்ளப் பார்த்தாள். திட்டுக்கு நாலு வார்த்தைக்கு மேல் ஓடவில்லை.

மூடுகிற வேலைக்கு ஆறு கூலி ஆள் என்று தெரிந்ததும் அளவுக்காரரிடம் போனாள்.

"ஏழுன்னு எழுது."

"உங்க வீட்டுக்குள்ள நீங்களே எப்படிம்மா..."

"எவனோ வந்து மிதிக்கறதுக்கு நான் மிதிக்கறேன். எழுது."

மண்ணைத் தள்ளுவதற்கு முன்னால் பழைய சுவரின் மேல் ஒரு வலைத்துணியைச் சாத்தி, அடியில் இந்த வருஷத்து நாணயம் ஒன்றை வைத்தார்கள். பின்னால் எப்போதாவது யாராவது தோண்டினால், எது பழைய மண், எது புது மண் என்று தெரிவதற்காம். "நீங்க ஏதாவது வைக்கறதுன்னா வைங்கம்மா" என்றார் அளவுக்காரர்.

"எதுக்கு? உள்ள ஆளா இருக்கு?"

அவன் கோடு கீறின ஆணியை அவள் ஏற்கெனவே முன்னறையில் அடித்து, அதில் அரிவாளை மாட்டியிருந்தாள்.

அகழியில் படிந்த வண்டலைத்தான் வெட்டிக் கொடுத்தார்கள். முழங்கை உயரம் கொட்டுவது, தண்ணீர் தெளிப்பது, திமிசுக் கட்டையால் இடித்து இறுக்குவது, அதன் மேல் அடுத்த முழங்கை உயரம். மூன்று நாள் வேலை. அகழியிலிருந்து ஏறி, சந்து வழியாக வந்து, வாசலில் குனிந்து, முன்னறையைத் தாண்டிப் போய்க் கொட்ட வேண்டும். தன் வீட்டுக்குள் செருப்போடு ஆறு பேர் போய்வருவதை அவள் பார்த்துக்கொண்டே போய்வந்தாள். ஒரு வார்த்தை பேசவில்லை. கூட வேலை செய்தவர்களுக்கு அவளை முன்பின் தெரியாது. ஊமை என்று நினைத்துக்கொண்டார்கள்.

கட்டில் கால் அழுந்தித் தரையில் நாலு குழி இருந்தது. அந்த நாலு குழிக்கும் ஒவ்வொரு கூடை. நாலையும் அவளே கொட்டினாள். இன்னொரு பெண் கூடையோடு வந்தபோது கையை நீட்டித் தடுத்து, "இரு" என்றாள். அன்று முழுவதும் அவள் பேசியது அந்த ஒரு சொல்தான். அப்புறம் திமிசு இறங்கியது.

மூன்றாம் நாள் மத்தியானம் அகழியில் பாதி நிரம்பிய கூடைக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள்.

"என்னக்கா, தலை சுத்துதா?" என்று அந்தப் பெண் கேட்டாள்.

"இல்ல. கூடை சின்னதா இருக்கு. பெருசாக் குடுத்திருந்தா நேத்தே முடிஞ்சிருக்கும்."

கொஞ்ச நேரம் கழித்து எழுந்து கூடையை நிரப்பித் தலையில் வைத்துக்கொண்டாள். பொழுது சாய்வதற்குள் குடைவு இருந்த இடம் மேடாகிவிட்டது. அவள் உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள். ஈரமாக இருந்தது. குளிர்ச்சிக்கும் ஈரத்துக்கும் வித்தியாசம் உண்டு.

மறுவாரம் கொத்தனார் வந்தார். நாலு அடி தள்ளி நூல் பிடித்தார். வீடு இப்போது ஒற்றை அறை. கட்டிலைப் போட்டால் அடுப்புக்குப் பக்கத்தில் ஆள் ஒருக்களித்து நடக்க வேண்டும். செங்கல் இடுப்பு உயரம் ஏறியபோது கரண்டியை நிறுத்திக் கேட்டார்.

"பின்னால ஜன்னல் விடணுமா?"

அவளுக்கு முப்பத்திரண்டு வருஷமாகப் பின்னால் என்றால் மண். அங்கே ஜன்னல் வேண்டுமா என்று ஒருத்தர் கேட்க முடியும் என்பதே அவளுக்குத் தோன்றியதில்லை.

"விட்டா என்ன தெரியும்?"

"மேடுதான் தெரியும். புல்லு தெரியும். கொஞ்சம் காத்து வரும்."

"சரி, விடு."

"சட்டமும் கதவும் நீங்கதான் வாங்கித் தரணும். ஆபீஸ்ல செங்கல் மட்டுந்தான்."

"தெரியுது. என்ன அளவுன்னு ஒரு குச்சிய ஒடிச்சுக் குடு."

ரோட்டு வளைவில், இடித்த வீடுகளின் மரச்சாமான் விற்கிற கடை ஒன்று உண்டு. குச்சியை எடுத்துக்கொண்டு போய், சாத்தி வைத்திருந்த ஜன்னல்களை ஒவ்வொன்றாக அளந்தாள். இரண்டு கதவு வைத்த ஒன்று சரியாக இருந்தது. பச்சை பெயின்ட், பாதி உரிந்தது. ஒரு கீல் துரு, கொக்கி இல்லை. கடைக்காரர் தேக்கு என்றார். "தேக்கா? தேக்கு இத மாதிரி இருந்தா காட்டுல ஒருத்தனும் திருடப் போக மாட்டான்" என்றாள். கடைக்காரர் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. அவர் தொள்ளாயிரத்தில் ஆரம்பித்தார். அவள் நகராமல் நின்றாள். கடைசியில் அவரே, அந்த வழியாக வந்த பால்காரர் வண்டியில் ஏற்றிவிட்டார்.

ஜன்னல் அறுநூற்று ஐம்பது ரூபாய். கொக்கி தனி, அது பதினைந்து.